பாரதியார் வீட்டுச் சுவரும் எங்கட பழைய சுவரும்

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில இருந்தவர். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில அவர் குடியிருந்த வீடு இப்ப நினைவில்லம். அந்தக்கால வீடுகளின்ர சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் தப்பி நிக்கிற பழைய வீடுகளும், செங்கல்லோ முருகைக்கல்லோ, அதே சாந்துதான். தயவுசெய்து அதுக்கு மேல சீமெந்து பூசாதேங்கோ.

நிலத்து ஈரம் சுவருக்குள்ளால ஏறும். சுண்ணாம்பு அதை வெளிய விடும், சீமெந்து மறிச்சுப் பிடிக்கும். உப்பு உள்ளுக்கு உறைஞ்சு, நாலைஞ்சு மாரிக்குள்ள பூச்சு பொக்களிச்சு, கல்லின்ர முகத்தையும் உரிச்சுக்கொண்டு விழும். விரலால தட்டிப் பாருங்கோ. பொள்ளல் சத்தம் வாற இடத்தில பூச்சு சுவரை விட்டுப்போச்சு.

ஏற்கெனவே பூசின சீமெந்தைச் சின்ன உளியால மெல்லமாக் கொத்தி எடுங்கோ, மெசின் வேண்டாம். நீத்தின சுண்ணாம்பு குறைஞ்சது 3 கிழமை தண்ணிக்குள்ள ஊறவேணும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவின ஆத்துமணல். கடல்மணல் தொடவே கூடாது. சுவரை நனைச்சுப்போட்டு, ஒரு தரத்துக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல தடிக்காமப் பூசி, ஒரு கிழமை ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கோ. சோளகக் காத்தில சாக்கில்லாமல் விட்டா மயிர்வெடிப்பு விழும். மேல சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்கவேணும். பிளாஸ்ரிக் பெயின்ற் அடிச்சா ஈரம் திரும்பவும் உள்ளுக்கதான்.