உளு கொட்டுதுன்னு மச்சினனை கூப்பிட்டேன்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஹால்ல உக்காந்திருக்கேன், தரையில மாவு கொட்டின மாதிரி மரத்தூள், அதுவும் ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேரா ஒரு வரி. வயித்துல புளிய கரைச்சிடுச்சு. எங்க வீடு உருட்டுக்கட்டைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி கட்டின வீடு, சாதா வீட்டுல எறும்பு வந்தா சர்க்கரை டப்பா போகும், இங்க எறும்பு வந்தா சுவரே போயிடும்.

உடனே மச்சினனுக்கு போன். அவனுக்கு வேலையே இந்த மாதிரி கட்டை வீடுகளை இன்ஸ்பெக்‌ஷன் பண்றதுதான், ஆனா அஞ்சு வருஷமா அவன் "வந்து பாக்கறேன் மாமா"ங்கறதும் நான் "அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு மாப்ள"ங்கறதுமா போயிட்டிருந்தது. அன்னிக்கு நானே கூப்பிட்டதும் அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணு, "தூளை மட்டும் பெருக்கிடாதீங்க." சொல்லும்போது அவங்க அக்கா கையில தொடப்பம் இருந்தது, ஓடிப்போய் புடுங்கினேன்.

வந்தான். தூளை பாப்பான்னு பாத்தா நேரா வெளிய போயிட்டான். கையில ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச், ஈரம் பாக்கற மீட்டர், அப்புறம் தண்ணி அடிக்கற ஸ்ப்ரே பாட்டில். நிழல் பக்கம் சுவர்ல புஸ்ஸுன்னு அடிச்சான், தண்ணி முத்து முத்தா நின்னுது. சாயங்கால வெயில் அடிக்கற பக்கம் அடிச்சான், அடிச்ச வேகத்துல கட்டை குடிச்சிட்டு கருத்துப்போச்சு. "பூச்சு செத்துடுச்சு மாமா, இந்தப் பக்கம் மட்டும் சீக்கிரம் அடிச்சுடுங்க"ன்னான். நாலு பக்கமும் ஒரே நாள்ல அடிச்சா நாலும் ஒரே நாள்லதான் போகும்னு நம்பிட்டிருந்த ஆளு நானு.

அடுத்து வெடிப்பு. கட்டை காயும்போது வெடிக்கத்தான் செய்யும், அதுக்கெல்லாம் பயப்பட வேணாம், ஆனா வாய் மேல பாத்த மாதிரி இருக்கற வெடிப்புல மழைத்தண்ணி தேங்கும், 6 மில்லிமீட்டருக்கு மேல அகலமா இருந்தா அதைத்தான் முதல்ல அடைக்கணும்னான். நான் போன வருஷம் ரெண்டு நாள் முட்டி போட்டு அடைச்சதெல்லாம் கீழ் பாத்த வெடிப்பு. கண்ணுக்கு நேரா அசிங்கமா தெரிஞ்சுது, அடைச்சேன், வேற காரணம் எதுவும் இல்ல.

அப்புறம் விறகு. இது என் பெருமை. எட்டடி நீளத்துக்கு சுவரோட ஒட்டி அழகா அடுக்கி வெச்சிருப்பேன், வர்றவங்க போட்டோ எல்லாம் எடுத்திருக்காங்க. அவன் அதுல நாலு விறகை உருவிட்டு உள்ள கையை விட்டு அடிக்கட்டைய ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால தட்டினான், மிருதங்கத்துக்கு சுதி பாக்கற மாதிரி. டங், டங், டங்... பொத். அந்த "பொத்" வந்த இடத்துல முனைய வெச்சு லேசா அழுத்தினான், வெண்ணெய்ல இறங்கற மாதிரி ரெண்டு அங்குலம் உள்ள போச்சு. மீட்டர் 29 காட்டுது. 20 சதவீதத்துக்கு கீழ இருந்தா பூஞ்சைக்கு அங்க பொழப்பு இல்ல, நான்தான் காத்தே போகாம மூடி வெச்சு அதுக்கு குடும்பம் நடத்த இடம் குடுத்திருக்கேன். அந்த துண்டை வெட்டி எடுத்துட்டு வேற கட்டை பொருத்தணுமாம்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் உள்ள வந்து தூள்கிட்ட குனிஞ்சான். லென்ஸ் வெச்சு பாக்கறான், விரல்ல தேய்க்கறான், மோந்து கூட பாத்தான். கருப்பு எறும்பு குடைஞ்சதுன்னா தூளோட செத்த பூச்சி காலு, தலை எல்லாம் கலந்து கிடக்கும், உளு வண்டுன்னா மேல குண்டூசி ஓட்டை மாதிரி இருக்கும். இங்க ரெண்டும் இல்ல. மெதுவா நிமிர்ந்து மாடித்தரை பலகை இடுக்கை பாத்தான், அப்புறம் என்னைப் பாத்தான்.

"மேல எதையாவது இழைச்சீங்களா மாமா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க அக்கா முந்திக்கிட்டா. "மாடி ரூம் கதவு. வருஷா வருஷம் இழைப்பாரு. நேத்து கூட உப்புத்தாள் போட்டு தேய்ச்சாரு."

கதவு மழைக்கு உப்புதுன்னு நெனச்சு நாலு வருஷமா மேல் மூலைய சீவிட்டிருந்தேன். அவன் எங்க பையன் கோலிகுண்டு ஒண்ணை மாடி நடுவுல வெச்சான், அது யாரும் தள்ளாமலே சுவர் பக்கம் கடகடன்னு ஓடிப்போச்சு. விஷயம் என்னன்னா ஈரக்கட்டை காயும்போது குறுக்கால சுருங்கும், நீளவாக்குல சுருங்கவே சுருங்காதுன்னே சொல்லலாம். அதனால படுக்கையா அடுக்கின சுவர் வருஷா வருஷம் இறங்குது, நடுவுல செங்குத்தா நிக்கற தூண் மட்டும் விறைப்பா அப்படியே நிக்குது. மாடித்தரை நடுவுல கூடாரம் மாதிரி தூக்கிக்குது, கதவு நிலை கோணலாகுது. இதுக்குத்தான் தூணுக்கு அடியில திருகு ஜாக்கி வெச்சு, சுவர் இறங்க இறங்க அதையும் இறக்கணும்.

"ஜாக்கி எங்க மாமா?"

நான்தான் அது பாக்க அசிங்கமா இருக்குன்னு சுத்தி பலகை அடிச்சு பாலிஷ் போட்டு பொட்டி மாதிரி மூடினேனே.

"வீடு கட்டினவங்க ஒரு பேப்பர் குடுத்திருப்பாங்களே, அதுல எல்லாம் இருக்குமே?"

"இருக்கு"ன்னா என் பொண்டாட்டி. "மாடில பீரோ ஆடுதுன்னு காலுக்கு அடியில மடிச்சு வெச்சிருக்காரு."

அவன் சிரிக்கல, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. பொட்டிய உடைச்சு பெரிய ஸ்பேனர் போட்டு நட்டை கால் சுத்து திருகினான், வீடே "டக்"னு ஒரு சொடக்கு விட்டுது, பையன் கை தட்டறான். ஒரே நாள்ல இறக்கக்கூடாதுன்னு வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா இறக்கி நேத்துதான் முடிஞ்சுது. கோலிகுண்டு வெச்ச இடத்துல நிக்குது. பீரோ ஆடல. கதவு நிலையும் நேராயிடுச்சு, கதவு மட்டும் நாலு வருஷ சீவல்ல மேல் மூலைல முக்கோணமா ஒரு ஜன்னல் திறந்துகிட்டு நிக்குது, ராத்திரி லைட் போட்டா எதிர் சுவர்ல வெளிச்சம் சமோசா மாதிரி விழுது.

பீரோக்கு அடியில இருந்த பேப்பர் இப்ப சும்மாதானே இருக்குன்னு அதை மடிச்சு அந்த ஓட்டைல சொருகப் போனேன். "படிச்சிட்டு சொருகுங்க"ன்னா.