கடலோர வீடுகளுக்கு அரசிடம் எதைக் கேட்பது?

"வாழத் தகுந்த குடியிருப்புகளுக்குக் கொள்கை வேண்டும்" என்று பொதுவாக எழுதிக் கொடுக்கும் மனுவை வைத்துக்கொண்டு ஒரு செயலக அலுவலரால் எதுவும் செய்ய முடியாது. கடலூர்க் கரைக்காகப் பேசும் ஆர்க்கிடெக்டுகள், மாதிரி வரைபடத்திலும் எஸ்டிமேட்டிலும் எந்த வரி மாற வேண்டும், எவ்வளவு பொருள் கூடும் என்று எழுதித் தர வேண்டும்.

தமிழக அரசின் ஊரக வீட்டுத் திட்டமான கலைஞர் கனவு இல்லம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, தொகை 3.5 லட்சம் ரூபாய்.

முதலில் பேஸ்மட்டம், அதாவது வெளித்தரைக்கு மேல் வீட்டுத் தளம் நிற்கும் உயரம். தேசியக் கட்டட நெறிமுறை சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. கேட்கிறது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது தென்பெண்ணைக் கரை எப்படி மூழ்கியது என்று பார்த்தோம். அங்கே 45 எந்த மூலைக்கு? கடைசி வெள்ளக் குறிக்கு மேல் 30 செ.மீ., எப்படியும் 90க்குக் குறையாமல் என்று கேட்கலாம். 20க்கு 18 அடி வீடு, நடுவில் ஒரு சுவர், ஒன்பது அங்குலக் கட்டு என்றால் கூடுதல் 45 செ.மீ.க்குச் செங்கல் சுமார் 1,500, நிரப்பு மண் ஐந்தரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மண்ணை மொத்தமாகக் கொட்டி மூடினால் முதல் மழைக்காலத்திலேயே தளம் அமுங்கி வெடிக்கும். 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அந்தக் கூலியையும் எஸ்டிமேட்டில் தனி வரியாகக் கேளுங்கள்.

உயரம் கூடினால் முதியவர்களுக்குச் சிரமம். 12க்கு 1 சரிவில் 90 செ.மீ. ஏற 10.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். சிறு மனையில் அதற்கு இடம் கிடையாது. ஆகவே கொத்தாகக் கட்டும் இடங்களில் வீடு வீடாக உயர்த்தாமல் மனைப்பிரிவையே மேடாக்கச் சொல்வதுதான் சரி. தெருவை மறுபடி போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் விட்டால் தெரு உயர்ந்து, இந்த உயரம் சில வருடங்களில் கரைந்துவிடும். சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று 2021லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். மனுவில் அதையும் சேருங்கள்.

அடுத்தது கான்கிரீட். அதிகம் வாதாட வேண்டிய இடம் இதுதான். உப்புக் காற்று நேராகப் படும் பாகங்களுக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது எம்30 வலிமைக் கலவை, கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்), காற்று மறைவான பாகங்களுக்கு எம்25, 30 மி.மீ. 20 மி.மீ. கவர் பிளாக் வைத்து வார்த்த கூரையில் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், அடிக்கான்கிரீட் பெயர்ந்து விழும். ஆனால் நான்கு அங்குலக் கூரையில் கவரை மட்டும் கூட்டச் சொல்வது ஆபத்து: கம்பி மேலேறுவதால் கூரையின் தாங்குதிறன் குறையும். ஐந்து அங்குலமாக்கச் சொல்லுங்கள். 300 சதுர அடிக்குக் கூடுவது 0.7 கன மீட்டர் கான்கிரீட், சிமெண்ட் ஐந்து மூட்டைக்குப் பக்கம். கூரையின் சொந்த எடையும் ஏறுவதால் கம்பிக் கணக்கைத் திரும்பப் போட்டு இணைக்க வேண்டும். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக் கூடாது. கடலை ஒட்டிய போர்வெல் தண்ணீர் பல இடங்களில் தாண்டும் என்பதால் லாரித் தண்ணீருக்கும் ஒரு வரி வேண்டும்.

மீதி 60 சதுர அடிக்கு ஷீட் போடுவதானால், இந்தக் கரைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. என்பதை நினைவில் வையுங்கள். ஷீட்டைப் பிடிக்கும் ஜே போல்ட்டை ஓரங்களில் நெருக்கி அடிக்கும் விவரம் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

மனுவோடு ஒரு தாளில் வரைபடம், அளவுப் பட்டியல், திருத்த வாசகம், அந்தந்த ஊர்க் கிராம சபைத் தீர்மானம் ஆகியவற்றை இணையுங்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 கூட்டத்தில் தீர்மானம் போட்டால் பட்ஜெட்டுக்கு முன்பே அனுப்பிவிடலாம். மனு போக வேண்டிய இடங்கள்: கனவு இல்லத்துக்கு ஊரக வளர்ச்சித் துறை, அடுக்குமாடிகளுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், 2019 கட்டட விதிகளுக்கு வீட்டுவசதித் துறை. மூன்றையும் ஒரே மனுவில் கலந்தால் அது துறை மாறி மாறி அலையும்.

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கமும் இதே தென்பெண்ணை வெள்ளம்தான். ஆனால் புதுச்சேரிக்குக் கட்டட விதிகளும் குடிசை மாற்று வாரியமும் தனி. அதனால் அளவுப் பட்டியல் ஒன்றே இருக்கலாம், திருத்த வாசகத்தை அங்குள்ள விதி எண்ணோடு புதிதாக எழுத வேண்டும்.