பாட்டுக் கேட்க மட்டும் ஒரு தொலைபேசி இலக்கம்

கொழும்பில் இருந்துகொண்டு ஒரு தமிழ் வானொலிக்கு இன்றைக்கு அழைப்பு எடுத்தால் பாட்டுக் கேட்கலாம், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது போட்டியில் பரிசுக் கூப்பன் ஒன்று கிடைக்கும். எங்கள் தெருவில் ஒரு கிழமையாகக் குப்பை அள்ளவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. சொன்னால், "சரி, உங்களுக்காக என்ன பாடல்?" என்று அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லி வேலையில்லை, அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை அதுதான்.

இலங்கை வானொலி என்றதும் நம்மவர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று அந்தக் கால அறிவிப்பாளர்களில் தொடங்கி, தமிழ்நாடே நம்மைக் கேட்டது என்ற இடத்தில் வந்து நிற்பார்கள். உண்மைதான், பெருமையும்தான், ஆனால் எனக்கு அந்தக் கதை அலுத்துவிட்டது. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய பிறகும் அது அரசாங்கத்தின் வானொலியாகவே இருந்தது, அமைச்சரைக் கேள்வி கேட்க அங்கே யாரும் நேயரிடம் ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை. இருந்தாலும் ஒரு பக்கக் கதவு திறந்திருந்தது. 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு நேயர்களே கதை எழுதித் தபாலில் அனுப்பினார்கள். அப்புறம் மரண அறிவித்தல். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், கிரியைகள் எத்தனை மணிக்கு, எந்த மயானம் என்று வாசிக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் அப்பம்மா யாரையும் வாய் திறக்க விடமாட்டார். பாட்டு ஓடும்போது அவர் வானொலியைக் கவனித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

1998இல் சூரியன், சக்தி என்ற தனியார் தமிழ் வானொலிகள் வந்தன. அந்த ஆரம்ப வருடங்களின் உற்சாகத்தை இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். அறிவிப்பாளர் நாம் கதைக்கிற மாதிரியே கதைத்தார், நேயர் போனில் நேரடியாக வந்தார், மட்டக்குளியில் இருந்து ஒருவர் பேசிவிட்டு வைத்ததும் வெள்ளவத்தையில் இருந்து இன்னொருவர் அதற்குப் பதில் சொன்னார். போர்க்காலத்தில், பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, நள்ளிரவுச் சுற்றிவளைப்பு என்று இருந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்களே, உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது, அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று தமிழில் உடனுக்குடன் தெரிந்துகொள்ள வானொலிச் செய்தியைத்தான் நம்பியிருந்தோம். தமிழ்நாட்டில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. இங்கே அந்தத் தடை இல்லை. அதாவது அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருந்தது, அதை நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் ஆத்திரம்.

பயம் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் கம்பனிகளை மட்டும் திட்டினால் அநியாயம். 2006 ஓகஸ்டில் சூரியனின் செய்தி முகாமையாளர் நடராஜா குருபரன் கடத்தப்பட்டார், அடுத்த நாள் விடுவிக்கப்பட்டார். 2007 ஒக்டோபரில் ஒரு பிழையான செய்தி போனது என்று சொல்லி, சூரியன், சிங்கள வானொலியான ஹிரு உட்பட அந்த நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் அனுமதியையும் ஒரேயடியாக அரசாங்கம் பறித்தது. பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் முதலாளிமார் படிக்க வேண்டிய பாடத்தைப் படித்துவிட்டார்கள்: ஒரு அலைவரிசையில் வரும் தவறு மற்ற நான்கையும் சேர்த்து மூடும். நேரடி அழைப்பில் வருகிறவர் அடுத்த நொடி என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்? பாட்டு அப்படியில்லை, அது நேற்றுச் சொன்னதையேதான் இன்றும் சொல்லும். தனியார் வானொலிக்கு அனுமதி கொடுப்பது இன்றும் 1966ஆம் ஆண்டுக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ், அமைச்சரின் கையால். 1997இல் ஒளி, ஒலிபரப்புகளுக்கென்று ஓர் அதிகாரசபையை அமைக்கக் கொண்டுவந்த சட்டமூலத்தை, அந்தச் சபை சுயாதீனமாக இருக்காது என்று உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு சுயாதீனமான ஒன்றை யாரும் கொண்டுவரவும் இல்லை.

ஆனால் போர் முடிந்தும் பேச்சு திரும்பி வரவில்லையே. அங்கேதான் கணக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரே நிறுவனத்துக்குச் சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில் என்று வரிசையாக வானொலிகள், எல்லாவற்றுக்கும் ஒரே விளம்பரப் பிரிவு. பெரிய விளம்பரம் சிங்கள அலைவரிசைக்குத்தான் முதலில் போகும், தமிழுக்கு அதே விளம்பரத்தின் அவசர மொழிபெயர்ப்பு வரும், அதில் எழுத்தையும் உச்சரிப்பையும் கேட்கவே வேண்டாம். வானொலி ஒன்றில் வேலை செய்த நண்பன் ஒருவனிடம் ஏன்டா ஊர்ப் பிரச்சினைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்க மாட்டீர்களா என்று கேட்டேன். "மச்சான், அதுக்கு ஒரு ஆள் போன் எடுக்கணும், ஒரு ஆள் விசாரிக்கணும், ஒரு ஆள் கவுன்சிலில யாரையாவது பிடிக்கணும். பாட்டுக்கு நான் ஒருத்தன் போதும். இரவில நானும் தேவையில்ல, கம்ப்யூட்டரே போடும்" என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இது நமக்கு மட்டும் வந்த நோயில்லை. அமெரிக்காவில் 1996இல் சட்டத்தைத் தளர்த்தி, ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று விட்டார்கள். சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பனியிடம் ஏறக்குறைய 1,200 வானொலிகள். 2002 ஜனவரியில் வடக்கு டகோட்டாவில் மைனோட் என்ற சிறு நகரத்தில் ரயில் தடம்புரண்டு அமோனியா கசிந்தது. அந்த ஊரின் ஆறு வணிக வானொலிகளும் அந்தக் கம்பனியுடையவை. அவசரத்துக்குப் பொலிஸ் அழைத்தபோது நிலையத்தில் எடுக்க ஆளில்லை என்று பெரிய சர்ச்சை ஆனது. கம்பனி அதை வேறு மாதிரிச் சொன்னது, விடுங்கள். ஆறு வானொலி இருந்தும் ஊருக்கு வானொலி இல்லை என்ற நிலை எப்படி வரும் என்பது எனக்கு அதில்தான் விளங்கியது.

நம் கதையில் ஒரு கூடுதல் விசித்திரம் இருக்கிறது. அங்கே எங்கோ தூரத்து நகரத்தில் இருந்து சின்ன ஊருக்கு ஒலிபரப்பினார்கள். இங்கே எல்லாமே கொழும்பில்தான் இருக்கிறது. சூரியனின் கலையகம் உலக வர்த்தக மையத்தின் மேல்மாடிகளில், சன்னலால் எட்டிப் பார்த்தால் துறைமுகமும் கொட்டாஞ்சேனையும் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒலிபரப்பு முழு நாட்டுக்கும். பருத்தித்துறையிலும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் கேட்கிறவருக்குக் கொழும்பின் தண்ணீர்க் குழாய் எதற்கு என்று நினைத்தே எல்லாருக்கும் பொதுவான சினிமாவைப் பேசுகிறார்கள். ஹட்டன்காரரும் தன் ஊரைப் பற்றி எதையும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. சென்னையில் எந்த நடிகரின் படம் தள்ளிப்போகிறது என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

2016 மேயில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் மூழ்கியபோது எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். எந்தப் பாதை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தங்கவைத்திருக்கிறார்கள் என்று தமிழில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இரவில் அலைவரிசை அலைவரிசையாக மாற்றினோம். மணிக்கு ஒருமுறை தலைப்புச் செய்தி, மற்ற நேரமெல்லாம் இதமான காதல் பாட்டுகள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த மேட்டைப் பற்றி அங்குள்ளவர்கள் வருடக்கணக்காக முறையிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது, பட்டரி வானொலியை அலுமாரிக்குள் இருந்து எடுத்தவர்கள் எத்தனையோ பேர். எந்தக் கடைக்கு காஸ் வந்திருக்கிறது, எந்த வரிசையில் நின்று பயனில்லை என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு வானொலிக்கு இனிமேல் கிடைக்காது.

அதற்குத்தான் பேஸ்புக்கும் வாட்ஸப் குழுவும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் நாலு குழுவில் இருக்கிறேன், அதில் பாதி வதந்தி, மீதி காலை வணக்கம். வானொலிக்கு இருந்த பலம் வேறு. ஜிந்துப்பிட்டியில் இருந்து ஒரு அம்மா அழைத்து முறைப்பாடு சொல்கிறார், அறிவிப்பாளர் மற்ற லைனில் மாநகர சபை அதிகாரியைப் பிடிக்கிறார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அலுவலகச் சிங்களம் வராது. நடுவில் இருக்கும் அறிவிப்பாளர் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து, எப்போது வருவீர்கள் என்று ஒரு திகதியையும் வாங்கிவிடுகிறார். ஊரே கேட்டுக்கொண்டிருப்பதால் அதிகாரிக்கு நழுவ முடியாது. தமிழ் பேசுகிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிற ஒரு நகரத்தில், தமிழில் ஒரு கடிதத்துக்குப் பதில் வாங்குவதே பெரும்பாடாக இருக்கும்போது, இந்த ஒரு மணித்தியாலத்தின் பெறுமதியை எந்த விளம்பரப் பிரிவு கணக்குப் போடும்?

சட்டத்தில் நமக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரென்று நிறுத்தியபோது, அதில் தொலைபேசி வழியாகக் கலந்துகொண்ட நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1996இல் தீர்ப்பு வந்தது: நிகழ்ச்சியில் பங்கெடுக்கும் நேயருக்கும் பேச்சுச் சுதந்திரம் உண்டு, அது மீறப்பட்டிருக்கிறது. அரச வானொலிக்கு எதிராக வந்த தீர்ப்புதான், ஆனாலும் இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

தனியாரிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை. அவர்களுடைய கணக்கு அவர்களுக்கு. ஆனால் சுதந்திர சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டுத்தாபனத்திடம் தமிழுக்கென்று ஒலிபரப்பு நேரமும் கலையகமும் ஊழியர்களும் இருக்கிறார்கள். மகாவலி, கொத்மலை என்று கிராமத்துக்குப் போய்ச் சமூக வானொலி நடத்திய அனுபவமும் அதே நிறுவனத்துக்குத்தான் இருக்கிறது. கொத்மலையில் செய்ததைக் கொட்டாஞ்சேனையில் செய்ய என்ன தடை? வார நாட்களில் மாலை ஆறு மணிக்கு ஒரு மணித்தியாலம், கொழும்புக்கு மட்டும், ஒரு நாள் மாநகர சபை, ஒரு நாள் நீர் வழங்கல் சபை, ஒரு நாள் பொலிஸ், அழைப்பு எடுக்க ஒரு இலக்கம், சிங்களமும் தமிழும் நன்றாகத் தெரிந்த ஒரு அறிவிப்பாளர். பாட்டே வேண்டாம். சரி, இடையில் ஒன்று போட்டுக்கொள்ளட்டும், அதிகாரி லைனுக்கு வரும்வரை.