ரிப்போர்ட்டில் ஒரு வரி

“சார், அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட முடியாதா?” என்று அந்த நோயாளி கேட்டார். “உயிர்தானே முக்கியம்” என்றேன். அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது.

அவருக்குக் கடும் வயிற்றுவலி. குடல்வாலாக இருக்கலாம் என்று அறுவை சிகிச்சைக்குத் தயார்செய்துகொண்டிருந்தார்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால், ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருந்த நான் அவருடைய ரத்தம் பூசிய ஸ்லைடை நுண்ணோக்கியில் பார்த்தேன். ரத்த அணுக்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயத்தில் வெளிர்சிவப்பாகத் தெரியவேண்டிய சிவப்பணுக்களுக்குள் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்திட்ட குழாயில் நின்ற ரத்தத்தில் இவை மங்கிப்போகக்கூடும் என்பதால், வார்டுக்கே போய் விரலில் குத்திப் புதிதாக ஒரு ஸ்லைடு எடுத்தேன். அதில் இன்னும் தெளிவாக இருந்தன. என்ன வேலை என்று கேட்டேன். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகையாம்.

முதிரும் சிவப்பணு தன்னிடம் மிஞ்சிய ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். அதற்கான நொதியை ஈயம் முடக்குவதால் மிச்சம் திரண்டு புள்ளிகளாகிறது. பரம்பரை ரத்தநோயான தலசீமியாவிலும் இப்படி வரும். அதனால் ஈய நஞ்சு என்று நான் முடிவுகட்டவில்லை. அந்த நீலப் புள்ளிகளின் மருத்துவப் பெயரைச் சொல்லி, “பேசோஃபிலிக் ஸ்டிப்ளிங் உள்ளது, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கவும்” என்று மட்டும் எழுதினேன். ஈய நஞ்சாலும் இப்படி வயிற்றுவலி வரும் என்பதால் அறுவை சிகிச்சை நின்றது. ஈய அளவும் மிக அதிகமாகவே வந்தது.

மருத்துவச் செலவு கேட்டுப் போனவரிடம் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த முதலாளி, அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி ஈய நஞ்சு அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக இருந்தது. ஆனால் பத்துப் பேர்கூட இல்லாத கொட்டகை அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலையே இல்லை.

மருத்துவருக்குப் போனில் சொல்லியிருந்தாலே அறுவை சிகிச்சை நின்றிருக்கும். ஆனால் ஈயம் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவது. அடுத்து அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த வரி வேண்டும். மேலும், ஈயத்தை விட்டு விலகுவதுதான் இதற்கு முதல் சிகிச்சை. அப்படிப் பார்த்தால் வேலை போனதும் சிகிச்சைதான். மறுபரிசோதனைக்கு வந்தவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடன் வேலை செய்தவர்களையும் ரத்தம் பார்க்க அழைத்துவரச் சொன்னேன். ஒருவரும் வரவில்லை. ரிப்போர்ட்டால் வேலை போகும் என்பதை அவர்கள் கண்ணெதிரே பார்த்துவிட்டார்கள்.