95,000-லிருந்து 38,000-க்கு

பதினான்கு வருடம் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கைக்கு வந்த சம்பளம் 95,000. விழுப்புரம் மாவட்டத்தில் இருளர் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் கூப்பிட்டபோது, தர முடியும் என்று சொன்னது 38,000. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருவன்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள், சர்க்கரையும் பிரஷரும் உள்ள அம்மா.

"முதல்ல அந்த 38,000-ல இருந்து பார்ப்போம், அப்புறம் பேப்பர் போடுங்க" என்றாள் மனைவி. எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வார்த்தைதான். சம்பளம் வந்த அன்றே மீதியெல்லாம் வீட்டுக் கடனுக்குப் போகும். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்டினாலும் அபராதம் இல்லை. ஆனால் முதல் நான்கு மாதம் தோற்றுக்கொண்டே இருந்தோம். பள்ளிக்கூடம் திறந்த ஜூனில் செலவு 61,000-ஐத் தொட்டது. பெரியவளை அரசுப் பள்ளிக்கு மாற்றியபோது இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் மாதம்தான் செலவு 38,000-க்குள் நின்றது. ஒன்றரை வருடம் அப்படியே ஓட்டினோம். கடைசியில் வீட்டுக் கடனில் பாக்கி நின்ற இரண்டே முக்கால் லட்சத்தை கிராஜுவிட்டி அடைத்தது. பி.எஃப். பணத்தைத் தொடவில்லை.

தூக்கத்தைக் கெடுத்தது அம்மாவின் மருத்துவக் காப்பீடு. வேலையை விட்டால் கம்பெனி பாலிசி போய்விடும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பித்தேன். பழைய வருடங்கள் கணக்கில் சேர்ந்தன. பிரீமியம் அதிகம்தான். ஆனால் பாலிசி கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா கடிதத்தையே எழுதினேன். இந்த வரிசையை மட்டும் யாரும் மாற்றிவிடாதீர்கள்.

சேர்ந்த முதல் வாரம் ஓர் அப்பாவோடு கோட்டாட்சியர் அலுவலகம் போனேன். மகளுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஜவுளிக்கடைப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்காக மடித்த ரேஷன் கார்டு நகல், மகளின் மதிப்பெண் பட்டியல். என்னிடம் நீட்டுவதற்கு முன் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சான்றிதழ் கிடைத்த நாளில் அதைப் பையில் வைக்கவில்லை. மகளிடம் கொடுத்து, "சத்தமா படி பாப்பா" என்றார். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே முழுவதையும் படித்தாள். அவள் முடித்ததும், "இன்னொரு தடவை" என்றார்.