கரும்பச்சையா, சந்தன நிறமா?

மூன்று நாட்களாகக் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வடக்கு பார்த்த அறை. நேர் வெயில் அதிகம் விழாது. சுவரில் இரண்டடிக்கு இரண்டடியாக இரண்டு கட்டங்கள்: ஒன்று கரும்பச்சை, மற்றொன்று சந்தன நிறம். இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பார்க்கிறேன். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பவே கூடாது.

காலையில் சந்தனம் கொஞ்சம் சாம்பல் பூத்துத் தெரிகிறது. மாலையில் 2700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் விளக்கைப் போட்டால் அதே கட்டம் வெண்ணெய் போல இளகிவிடுகிறது. 6500 கெல்வின் வெள்ளை விளக்கிலோ பச்சைக் கட்டம் நீலம் கலந்ததுபோல் இறுகி நிற்கிறது. பெயின்ட் கடையின் நிற அட்டையை மட்டும் பார்த்து எப்படித்தான் முடிவு செய்கிறார்களோ!

"வெளிச்சம் குறைந்த அறைக்கு வெளிர் நிறம்தான்" என்கிறார் அம்மா. அவருக்குச் சுவர் என்றால் பொங்கலுக்கு முன் நீலம் கலந்து அடிக்கும் சுண்ணாம்பு வெள்ளைதான். ஆனால் தாத்தாவின் தேக்கு ஊஞ்சல், பச்சைக்கு முன்னால் தேன் நிறத்தில் துலங்குகிறது. சந்தனத்துக்கு முன்னால் சுவரோடு கரைந்துபோகிறது. அதனால் ஊஞ்சலுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் பச்சை, மற்ற மூன்றுக்கும் சந்தனம். நாளை காலை பெயின்டர் வருகிறார்.