மதுரை ஜெயிலுக்கு மனு பார்க்கப் போகும் காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு

மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரைச் சந்திக்கப் போகிற அன்று, கொண்டுபோகும் பையை வீட்டிலேயே ஒருமுறை கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். அப்பத்தாவின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு புகையிலை இருக்கும். சட்டைப் பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை கிடக்கும். இரண்டும் மதுரை மத்திய சிறை வாசலில் சிக்கலாகும். தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் என்று ஆசையாகச் சுட்டு எடுத்துப் போவதும் பெரும்பாலும் திரும்பித்தான் வரும். உடைத்துப் பார்க்காமல் எந்தப் பண்டத்தையும் நம்பி உள்ளே விட முடியாது. கைதியின் கணக்கில் பணம் கட்டினால் உள்ளேயுள்ள கேன்டீனில் அவரே வாங்கிக்கொள்வார்.

மனுவுக்கு ஆதார் அட்டை, கைதியின் பெயர், தகப்பனார் பெயர், வழக்குப் போட்ட காவல் நிலையம், உங்கள் உறவுமுறை ஆகியவை வேண்டும். இ-முலாகாத் இணையதளத்திலும் முன்பதிவு செய்யலாம். அவருக்கு வழக்கமான மருந்து இருந்தால் மாத்திரையைக் கையில் கொடுக்க முயலாதீர்கள். மருத்துவச் சீட்டைக் காட்டி, சிறை மருத்துவர் வழியாகவே போகட்டும். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் போதைக்குப் பயன்படுவதால்தான் இந்தக் கெடுபிடி.

பெரிய ஆபத்து வெளியே, வரிசையில் இருக்கிறது. “ஆத்தா, நம்ம ஊர்ப் பையன்தான் உள்ள இருக்கான், இந்தச் செருப்ப மட்டும் குடுத்துருங்க” என்று யாரோ நீட்டுவார்கள். முகத்துக்காகக்கூட வாங்காதீர்கள். பிஸ்கட், சோப்பு, பழம் எதுவானாலும் இதே பதில்தான். அந்தப் பொருளுக்குள் கஞ்சா இருந்தால் 1 கிலோவுக்குக் குறைவான அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல், 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டப்படி தடை செய்த பொருளைக் கொண்டுபோனதற்குத் தனியாக ஆறு மாதம் வரை. ‘தெரியாமல் வாங்கினேன்’ என்று சொன்னால் மட்டும் போதாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, தெரியாது என்பதை நிரூபிக்கும் பொறுப்பை உங்கள் தலையிலேயே வைக்கிறது.

வாய்தாவுக்குக் கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்து வரும்போதும் இதே கவனம் வேண்டும். வராந்தாவில் பீடிக்கட்டை நீட்டுவது சாதாரணமாக நடக்கிறது. திரும்பியதும் சிறை வாசலில் அவரை முழுதாகச் சோதிப்பார்கள். அகப்பட்டால் அவர்மேல் இன்னொரு வழக்கு, மனு பார்ப்பதற்கும் தடை வரலாம்.

சில வீடுகளுக்கு, முன்பின் தெரியாத நம்பருக்கு ஜிபே போடச் சொல்லி அழைப்பு வரும். அது பெரும்பாலும் உள்ளே கடனுக்கு வாங்கிய போதைக்கான பணம். ஒருமுறை போட்டால் மறுபடி கேட்பார்கள். பயந்து பணம் அனுப்புவதைவிட, அழைப்பு வந்த நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் சொல்லுங்கள். சிறைக் கண்காணிப்பாளருக்கும் எழுதிக் கொடுங்கள். மிரட்டல் இருந்தால் வேறு பிளாக்குக்கு மாற்றக் கேட்கலாம். வக்கீல் இல்லையென்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

அவருக்கு ஏற்கெனவே குடியோ போதையோ பழக்கமிருந்தால், மானம் போகும் என்று மறைக்காதீர்கள். ரிமாண்ட் ஆன அன்றே சிறை மருத்துவருக்குத் தெரிய வேண்டும். முதல் சில நாட்களில் கை நடுங்கும், தூக்கம் வராது. குடியை திடீரென்று நிறுத்தியவருக்கு வலிப்பேகூட வரலாம். அந்த நாட்களில் சிகிச்சை கிடைக்காதவரைத்தான் உள்ளே விற்பவன் முதலில் தேடி வருகிறான்.